சில்லறைக் காசில் குடியேறிய தேவியர்

நாணயங்கள் சொன்ன வரலாறு – 11

சென்ற இதழில் ரோமின் பொன், வெள்ளி நாணயங்களைப் பார்த்தோம். அமைச்சர்களும் படைத்தலைவர்களும் கடல்கடந்த வணிகர்களும் எண்ணிக் கொடுத்த பணம் அது. இந்த இதழில் சில்லறைக்கு வருவோம். ரொட்டிக் கடையிலும் குளியல் மண்டபத்து வாசலிலும் மதுக்கடைப் பலகையிலும் புரண்ட காசு இது.

புத்தகங்கள் இவற்றை மொத்தமாக 'வெண்கல நாணயங்கள்' என்று எழுதிவிடுகின்றன. உண்மையில், பேரரசர் அகஸ்டஸ் நாணய முறையைத் திருத்தியமைத்த பிறகு, பெரிய காசுகளான செஸ்டர்ஷியஸும் டுபோண்டியஸும் பித்தளையில் வந்தன. அஸ் என்ற சிறு காசு செம்பில் வந்தது. புதுப் பித்தளை பொன்போல மின்னும், செம்பு சிவந்திருக்கும். இரண்டு அஸ் ஒரு டுபோண்டியஸ், நான்கு அஸ் ஒரு செஸ்டர்ஷியஸ், பதினாறு அஸ் ஒரு வெள்ளி டினாரியஸ், நானூறு அஸ் ஒரு பொற்காசு. செஸ்டர்ஷியஸ் ஏறக்குறைய 25 கிராம் எடையுள்ள கனமான வட்டு. அஸ் சுமார் 11 கிராம்.

இந்தக் காசுகளுக்கு என்ன கிடைத்தது? ரோம நகரான பொம்பெயியின் மதுக்கடைச் சுவர் ஒன்றில் விலைப்பட்டியல் எழுதியிருக்கிறது: ஒரு அஸ்ஸுக்குச் சாதாரண மது, இரண்டுக்கு நல்ல மது, நான்கு கொடுத்தால் உயர்ந்த ஃபலேர்னிய மது. பொதுக் குளியல் மண்டபத்தில் நுழைய அஸ்ஸில் கால்பங்கு போதும். பேரரசர் டொமிஷியன் காலத்தில் சம்பளம் உயரும்வரை ரோமப் படைவீரனின் ஆண்டுச் சம்பளம் 225 டினாரியஸ். கணக்குப் போட்டால் நாளுக்குப் பத்து அஸ். பொற்காசு ஒன்றை வாழ்நாளில் ஒருமுறையாவது கையில் வைத்துப் பார்த்த கூலிக்காரர் அங்கே எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? ஊர்மக்களிடம் எதையாவது சொல்ல வேண்டுமென்றால் பேரரசர் அதைப் பித்தளையிலும் செம்பிலும்தான் சொல்லியாக வேண்டும். அந்தக் காசின் முன்பக்கம் அவருடைய முகம். திருப்பினால் பெரும்பாலும் ஒரு பெண் நிற்கிறாள் அல்லது அமர்ந்திருக்கிறாள். அவள் ஒரு தேவி.

பேரரசர்கள் வருவதற்கு முன்பே தேவியர் காசுக்குள் வந்துவிட்டார்கள். குடியரசுக் காலத்தில் வார்ப்பில் ஊற்றிச் செய்த கனத்த வெண்கலக் காசுகளில் அஸ்ஸின் முன்பக்கம் இரட்டை முகம் கொண்ட தேவன் ஜேனஸ், பின்பக்கம் கப்பலின் முனை. நாம் பூவா தலையா போடுவதைப்போல ரோமச் சிறுவர்கள் 'தலையா கப்பலா' என்று சுண்டி விளையாடியது இந்தக் காசை வைத்துத்தான். அஸ்ஸில் மூன்றில் ஒரு பங்கான காசில் தலைக்கவசம் அணிந்த மினர்வா இருந்தாள். எழுத்தறியாதவரும் மதிப்பைத் தெரிந்துகொள்ள அதில் நான்கு புள்ளிகள் வைத்தார்கள். நகரத்தின் அக்கசாலையும் ஒரு தேவியின் நிழலில்தான் இயங்கியது. கேப்பிடலைன் குன்றில் கி.மு. 344-இல் எழுந்த ஜூனோ மொனேட்டா கோயிலை ஒட்டியே காசு அடித்தார்கள்.

காசு அடிக்கும் முறையையும் தெரிந்துகொள்ள வேண்டும். கீழ் அச்சு பட்டறைக்கட்டையில் பதிந்திருக்கும். அதில் பேரரசர் முகம். அதன்மேல் காய்ச்சிய உலோக வில்லையை வைத்து, மேல் அச்சை நிறுத்திச் சம்மட்டியால் அடிப்பார்கள். தேவி இருப்பது மேல் அச்சில். அடி முழுவதையும் நேரடியாக வாங்குவதால் அது சீக்கிரம் தேய்ந்து பிளக்கும். எனவே அக்கசாலைச் சிற்பிகள் பேரரசர் முகத்தைவிடத் தேவியின் உருவத்தைத்தான் அதிக முறை செதுக்க வேண்டியிருந்தது.

யார் எந்தத் தேவி என்று சாமானியர்கள் எப்படிக் கண்டுகொண்டார்கள்? வீணையைப் பார்த்தால் கலைமகள் என்று நம் வீட்டுக் குழந்தை சொல்லிவிடுவதைப் போலத்தான். கப்பல் சுக்கானும் கனிகள் வழியும் வளக்கொம்பும் இருந்தால் நற்பேற்றின் தேவி ஃபோர்த்தூனா. தானியக் கதிர் இருந்தால் சீரிஸ். தராசு இருந்தால் நேர்மைக்குரிய ஈக்விட்டாஸ் அல்லது மொனேட்டா. கிண்ணத்திலிருந்து பாம்புக்கு உணவூட்டினால் நலம் காக்கும் சலூஸ். தூணில் சாய்ந்து நின்றால் பாதுகாப்பின் தேவி செக்யூரிட்டாஸ். இவர்களில் பலரை இன்றைய பாடநூல்கள் 'உருவகங்கள்' என்று ஒதுக்கிவிடுகின்றன. அது சரியல்ல என்பது என் கருத்து. சலூஸுக்கும் நம்பிக்கையின் தேவி ஸ்பெஸுக்கும் இணக்கத்தின் தேவி கொங்கார்டியாவுக்கும் ரோமில் கோயில்கள் இருந்தன. மக்கள் அங்கே போய் வேண்டிக்கொண்டார்கள். காசில் அவர்கள் கண்டது தாம் கும்பிட்ட தெய்வத்தை.

பேரரசர் டைபீரியஸ் காலத்தில், கி.பி. 22–23-இல், ஒரு டுபோண்டியஸ் வந்தது. அதில் சலூஸின் முகம். வகிடெடுத்து அலையலையாக வாரிய கூந்தலையும் முகவெட்டையும் பார்த்தால் அது பேரரசரின் தாய் லிவியாவை ஒத்திருக்கிறது. லிவியா 22-இல் கடும் நோயில் கிடந்து பிழைத்தவர். தேவியின் பெயரால் அரண்மனைப் பெண்ணைக் காட்டும் வழி இப்படித் திறந்தது.

அடுத்து வந்த கலிகுலா அந்த வழியில் வெகுதூரம் போனார். 37–38-இல் அவர் வெளியிட்ட செஸ்டர்ஷியஸ் ஒன்றின் பின்பக்கத்தில் மூன்று பெண்கள் வரிசையாக நிற்கிறார்கள். மூவரும் அவருடைய தங்கைகள். அக்ரிப்பினா தூணில் சாய்ந்து செக்யூரிட்டாஸாக நிற்கிறார். ட்ருசில்லா கையில் பூசைத் தட்டுடன் கொங்கார்டியா. ஜூலியா சுக்கானைப் பிடித்த ஃபோர்த்தூனா. மூவர் பெயர்களும் விளிம்பில் பொறிக்கப்பட்டிருக்கின்றன. உயிரோடிருந்த பெண்களைப் பெயரும் முழு உருவமுமாக ரோம் நகர அக்கசாலை காட்டியது இதுதான் முதல் தடவை.

இந்த மூவரின் முடிவைத் தெரிந்துகொண்டு அந்தக் காசைப் பார்க்க வேண்டும். ட்ருசில்லா 38 ஜூன் மாதத்தில் இறந்தார். அப்போது வயது இருபத்தொன்று. கலிகுலா அவரைத் தெய்வமாகவே அறிவித்தார். அடுத்த ஆண்டே மற்ற இரு தங்கைகளும் சதிக் குற்றம் சுமத்தப்பட்டுத் தீவுகளுக்கு நாடு கடத்தப்பட்டார்கள். ஜூலியா திரும்பி வந்தும் மீண்டும் கடத்தப்பட்டு மாண்டார். நற்பேற்றின் தேவியாக நின்றவரின் கதி அது. பாதுகாப்பின் தேவியாக நின்ற அக்ரிப்பினாவை அவர் பெற்ற மகன் நீரோவே 59-இல் ஆளனுப்பிக் கொன்றார். கலிகுலா 41 ஜனவரியில் தன் மெய்க்காவலர் கையால் வீழ்ந்தார். அவர் முகம் பொறித்த வெண்கலக் காசுகளை எல்லாம் உருக்கிவிடச் செனட் முடிவெடுத்தது என்றும், அந்த உலோகத்தில் அடுத்த பேரரசரின் மனைவி மெஸ்ஸலினா ம்னெஸ்டர் என்ற நடிகனுக்குச் சிலைகள் செய்தார் என்றும் வரலாற்றாசிரியர் காசியஸ் டயோ எழுதுகிறார். உருக்கலுக்குத் தப்பிய மூன்று தங்கையர் காசுகள் இன்று உலகின் பெரிய அருங்காட்சியகங்களில் இருக்கின்றன.

அடுத்த பேரரசர் கிளாடியஸ் அரியணை ஏறிய மூன்று வாரத்துக்குள் அவருக்கு மகன் பிறந்தான். அவர் காசில் ஒரு கையில் பூமொட்டும் மறு கையில் தூக்கிப் பிடித்த ஆடையின் ஓரமுமாக ஸ்பெஸ் நடந்து வந்தாள். அந்த மகன் பிரிட்டானிக்கஸ் பதினான்கு வயது நிறையும் முன் நஞ்சூட்டப்பட்டு இறந்தான்.

இனி சோற்றுப் பிரச்சினைக்கு வருவோம். சில்லறைக் காசின் தேவியரில் எனக்கு மிக முக்கியமானவளாகப் படுபவள் அன்னோனா. ஜூனோவைப்போல இவளுக்குப் புராணக் கதை கிடையாது. ரோம் நகரத்துக்கு ஆண்டுதோறும் வந்து சேரும் தானியமே இவள். பத்து லட்சம் பேரை நெருங்கிய நகரத்தால் தன்னைச் சுற்றியுள்ள வயல்களை நம்பி வாழ முடியவில்லை. எகிப்திலிருந்தும் வட ஆப்பிரிக்காவிலிருந்தும் கோதுமை கப்பலேறி வந்தாக வேண்டும். காற்று தவறினால் பட்டினி. 51-இல் அது நடந்தது. நகரத்தில் பதினைந்து நாள் உணவுதான் கையிருப்பு என்ற செய்தி பரவியதும், மன்றத் திடலில் கிளாடியஸை மக்கள் சூழ்ந்துகொண்டு வசைபாடினார்கள். ரொட்டித் துண்டுகளை வீசி அடித்தார்கள். உலகத்தையே ஆண்டவர் பின்வாசல் வழியாக அரண்மனைக்குள் ஓடித் தப்பினார். அதன் பிறகு, குளிர்காலத்திலும் தானியம் ஏற்றிவரும் வணிகர்களின் கப்பல் புயலில் மூழ்கினால் நட்டத்தைத் தாமே ஏற்பதாக அறிவித்தார். ஆஸ்டியாவுக்கு அருகே 42-இலேயே அவர் பெரிய துறைமுகம் ஒன்றைத் தொடங்கியிருந்தார்.

அந்தத் துறைமுகமும் பகையானது. 62-இல் நீரோ ஆட்சியில், துறைமுகத்துக்குள்ளேயே நின்ற ஏறக்குறைய இருநூறு தானியக் கப்பல்களைப் புயல் நொறுக்கியது. டைபர் ஆற்றில் மேலேறி வந்த இன்னும் நூறு கப்பல்கள் தீயில் எரிந்தன. ஆனாலும் தானிய விலை ஏறவில்லை என்று வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் பதிவுசெய்கிறார். பயப்பட ஒன்றுமில்லை என்று காட்டுவதற்காக, கெட்டுப்போன பழைய கோதுமையை நீரோ ஆற்றில் கொட்டச் செய்தாராம்.

இரண்டொரு ஆண்டுகளில் வந்தது அவருடைய செஸ்டர்ஷியஸ். இடப்பக்கம் நிற்பதும் வலப்பக்கம் அமர்ந்திருப்பதுமாக இரு தேவியர். அமர்ந்திருப்பவள் சீரிஸ், கையில் கதிரும் தீப்பந்தமும். அவளை நோக்கி வளக்கொம்புடன் நிற்பவள் அன்னோனா. இருவருக்கும் நடுவே பலிபீடம். அதன்மேல் தானியம் அளக்கும் மரக்கால். பின்னணியில் மாலை சூட்டிய கப்பலின் பின்பகுதி. இந்தச் சின்னஞ்சிறு வட்டத்துக்குள் விளைச்சல், அளவை, கப்பல், வழிபாடு அத்தனையும் அடங்கிவிட்டன. செதுக்கிய சிற்பியின் பெயர் நமக்கு வந்து சேரவில்லை. விளிம்பில் உள்ள எழுத்துகளையும் படியுங்கள்: 'பேரரசரின் அன்னோனா, சீரிஸ்'. சீரிஸ் எல்லோருக்கும் பொதுவான தெய்வம். அன்னோனாவோ பேரரசருக்கு உரியவள். விளைவிப்பது தேவியின் வேலை, அதை உங்கள் வாசலுக்குக் கொண்டுவருவது என் வேலை என்பதுதான் அந்தக் காசு சொன்ன சேதி. 64 ஜூலையில் ரோம் பற்றி எரிந்த பிறகு, தானியத்தின் விலையை ஒரு மரக்காலுக்கு மூன்று செஸ்டர்ஷியஸ் என்று நீரோ குறைத்தார். இந்தக் காசில் மூன்றைக் கொடுத்தால் ஒரு மரக்கால் கோதுமை. காசில் படமாக இருந்த மரக்கால் கையில் நிஜமாகக் கிடைத்த தருணம் அது.

நீரோ 68 ஜூனில் தற்கொலை செய்துகொண்டார். செய்தி கேட்ட மக்கள் கம்பளிக் குல்லாய் அணிந்து தெருத்தெருவாக ஓடினார்கள் என்கிறார் வரலாற்றாசிரியர் சூட்டோனியஸ். ரோமில் அடிமையை விடுவிக்கும்போது அவன் தலையில் வைப்பது அந்தக் குல்லாய். அடிமைகளாய்ப் பிறக்காத குடிமக்களே அதை அணிந்தார்கள் என்றால், அந்த ஆட்சியில் அவர்கள் தம்மை என்னவாக உணர்ந்திருந்தார்கள் என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை. புதிய பேரரசர் கால்பாவின் காசுகளில் விடுதலைத் தேவி லிபர்ட்டாஸ் அதே குல்லாயைக் கையில் ஏந்தி நின்றாள். அடுத்த ஜனவரியில் கால்பா மன்றத் திடலில் வெட்டிக் கொல்லப்பட்டார். 69-ஆம் ஆண்டுக்குள் மேலும் மூவர் பேரரசர் ஆனார்கள். அவர்களில் விட்டெல்லியஸும் வெஸ்பேசியனும் அதே லிபர்ட்டாஸைத்தான் அச்சிட்டார்கள். அத்தனை காசுகளும் புழங்கிய சந்தையில் அடிமைகள் அடிமைகளாகவே விற்கப்பட்டார்கள் என்பதையும் நாம் மறக்கக் கூடாது.

இரண்டாம் நூற்றாண்டில் ஆட்சி நிலைபெற்றது. காசுகளின் அழகும் உச்சிக்குப் போனது. அதற்கு முன்பு டொமிஷியன் காலத்திலேயே மொனேட்டாவே தராசு ஏந்திச் செம்புக் காசில் ஏறியிருந்தாள். பேரரசர் ஹேட்ரியன், எல்லைப்புற மாநிலமான பிரிட்டனையும் ஒரு பெண்ணாக்கி அமர வைத்தார். அந்த பிரிட்டானியாவை 1672-இல் இங்கிலாந்தின் இரண்டாம் சார்ல்ஸ் தம்முடைய செப்புக் காசில் மீண்டும் கொண்டுவந்தார்.

அந்தக் காலத்துக் காசுகளில் இளைய ஃபாஸ்டினாவின் வரிசையை நான் தனியாகச் சொல்ல வேண்டும். பேரரசர் மார்க்கஸ் ஆரிலியஸின் மனைவி. பன்னிரண்டு குழந்தைகளுக்குக் குறையாமல் பெற்றவர். அவருடைய காசுகளைத் திருப்பிப் பாருங்கள்: மகப்பேற்றைக் காக்கும் ஜூனோ லூசினா கைக்குழந்தையுடன் நிற்கிறாள், காலடியில் இரு பிள்ளைகள். இன்னொன்றில் கருவளத்தின் தேவி ஃபெகண்டிட்டாஸ். மற்றொன்றில் இரு கைகளிலும் இரு மழலைகள், பக்கத்தில் நான்கு பிள்ளைகள் என ஆறு குழந்தைகள் சூழ ஒருத்தி. 'இன்பமான காலம்' என்பது அதன் வாசகம். 161-இல் இரட்டை ஆண் குழந்தைகள் பிறந்தபோது, விரிப்புப் போட்ட ஆசனத்தில் இரு பாலகர்களும் விளையாடும் காசு வந்தது.

அந்த இரட்டையரில் ஒருவன் நான்கு வயதில் போய்விட்டான். ஃபாஸ்டினா பெற்றவர்களில் பெரும்பாலானோர் சிறுவயதிலேயே இறந்தவர்கள். 165-இல் தொடங்கிய கொள்ளைநோய் பேரரசெங்கும் வீடு வீடாகப் பிணம் விழச்செய்தது. ஊரில் எந்தத் தாய் பெற்ற பிள்ளைகள் எல்லோரும் வளர்ந்து ஆளானார்கள்? மார்ச் முதல் நாளில் ஜூனோ லூசினாவின் விழாவுக்குப் போய் வேண்டிக்கொண்ட பெண்களுக்கு இந்தக் காசு அரண்மனைச் செய்தி மட்டுமல்ல. பேரரசியும் தங்களைப்போல அதே தேவியைத்தான் கும்பிட வேண்டியிருக்கிறது என்பதை அவர்கள் கண்டிருப்பார்கள். ரோமக் காசுகளில் எனக்கு மிகவும் நெருக்கமானவை இவைதான்.

மூன்றாம் நூற்றாண்டின் போர்களிலும் விலையேற்றத்திலும் கனமான பித்தளைக் காசு மறைந்தது. பேரரசர் கான்ஸ்டன்டைன் காலத்துச் செம்பு சிறியது, மெல்லியது. அவருடைய மனைவி ஃபாஸ்டாவின் காசில் இரு குழந்தைகளை அணைத்தபடி ஒரு பெண் நிற்கிறாள். வாசகம் சிலவற்றில் 'நாட்டின் நலம்', சிலவற்றில் 'நாட்டின் நம்பிக்கை'. 326-இல் கான்ஸ்டன்டைன் தன் மூத்த மகன் கிரிஸ்பஸையும், பின்னர் ஃபாஸ்டாவையும் கொல்வித்தார். கலிகுலாவின் தங்கையருக்கு நேர்ந்தது இருநூற்றைம்பதுக்கும் மேற்பட்ட ஆண்டுகள் கழித்து மீண்டும் நேர்ந்தது.

பேரரசு கிறித்துவத்துக்கு மாறியபோது பழைய தேவியர் ஒவ்வொருவராகக் காசைவிட்டு வெளியேறினார்கள். ஒருத்தி மட்டும் போகவில்லை. அவள் சிறகு முளைத்த வெற்றித் தேவி விக்டோரியா. கி.மு. 29-இல் அகஸ்டஸ் செனட் மண்டபத்தில் அவளுக்குச் சிலையும் பலிபீடமும் வைத்தார். கி.பி. 382-இல் பேரரசர் கிரேஷியன் அந்தப் பலிபீடத்தை அகற்றினார். 384-இல் நகரத் தலைவர் சிம்மக்கஸ் அதைத் திரும்ப வைக்கும்படி மனம் உருக மன்றாடினார். மிலன் ஆயர் அம்புரோஸ் எதிர்த்து வாதாடினார். அப்போது பலிபீடம் திரும்பவில்லை. ஆனால் நான்கே ஆண்டுகளில், 388 முதல், பேரரசர் தியோடோசியஸும் அவர் மகன்களும் வெளியிட்ட மிகச்சிறிய செம்புக் காசில் அதே விக்டோரியா நடந்து வருகிறாள். தோளில் வெற்றிச் சின்னம். ஒரு கையால் கைதியை இழுத்து வருகிறாள். அவளுக்கு முன்னால் வெற்றிடத்தில் கிறிஸ்துவின் குறியான இரு கிரேக்க எழுத்துகள். செனட் மண்டபத்தில் இடமில்லாமல் போனவளுக்குச் சந்தையில் இடம் இருந்தது.

ஏறக்குறைய ஒரு கிராம் எடை, சுண்டுவிரல் நக அளவு. அந்தச் சிறு காசுதான் நம் பக்கம் வந்தது. கரூரில் அமராவதி ஆற்றுப்படுகையிலும் மதுரையிலும் பிற்கால ரோமச் செப்புக் காசுகள் கிடைத்தன. நாணயவியல் அறிஞர் இரா. கிருஷ்ணமூர்த்தி அவற்றைத் திரட்டிப் படித்து நூலாக்கினார். இலங்கையில் இவை ஆயிரக்கணக்கில் கிடைத்திருக்கின்றன. அங்கே இவை சில்லறையாகவே புழங்கின, உள்ளூரில் போலச்செய்த காசுகளும் வந்தன. அவற்றில் இலத்தீன் எழுத்துகள் வெறும் கோடுகளாகிவிட்டன. பேரரசர் முகம் சில கீறல்களாகச் சுருங்கிவிட்டது. அதே தீவில், இரு யானைகள் நீராட்ட நடுவே நிற்கும் திருமகள் உருவம் கொண்ட நீள்சதுர உலோகத் தகடுகளும் கிடைத்திருக்கின்றன.

இந்தச் செப்புக் காசுகள் இன்றும் ஆற்று மணலிலும் வயல் மண்ணிலும் அகப்படுகின்றன. பச்சையேறிக் கறுத்திருப்பதால் பழைய ஆணித்தலை என்று எறிந்துவிடுபவர்கள் உண்டு. பளபளப்பாக்குகிறேன் என்று புளி போட்டுத் தேய்ப்பவர்களும் உண்டு. தயவுசெய்து தேய்க்காதீர்கள். அந்தப் பச்சைப் படலத்தோடு விக்டோரியாவின் சிறகும் எழுத்தும் சேர்ந்து போய்விடும். பிறகு எந்த அறிஞராலும் அதைப் படிக்க முடியாது. எந்த ஊரில், எந்த இடத்தில், எதனோடு சேர்ந்து கிடைத்தது என்பதை ஒரு தாளில் எழுதி வையுங்கள். மண்ணில் கிடைத்த புதையல் பத்து ரூபாய் மதிப்பை மிஞ்சியதாக இருந்தால் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டம். அதன்படி தெரிவித்து, அந்தக் காசு அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேரச் செய்யுங்கள்.